பத்தொன்பதாம் கிணறு

ஜனவரி 6, திங்கள்

வருஷம் பிறந்து ஆறு நாள் கழித்துத்தான் நோட்டு வாங்க நேரம் கிடைத்தது. போன வருஷத்து நோட்டில் அட்டையின் உள்பக்கம்வரை எழுதித் தீர்த்துவிட்டேன். அலுவலகப் படிவத்தில் கிணற்றின் ஆழம், தண்ணீரின் சூடு, பிடித்த நேரம் எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. வேலாண்டிபுதூர் கிழக்கு வீதி நாய்களைத் திட்டுவதற்கு ஒரு கட்டமும் கிடையாது. அதற்குத்தான் இந்த நோட்டு.

இன்று ஒன்பது கிணறு, நாளை ஒன்பது. மோட்டார் கம்பெனி காம்பவுண்டுக்குள் நாங்கள் இறக்கிய குழாய்க் கிணறுகள் பதினொன்று, வெளியே வீதியில் வீட்டு போர்கள் ஏழு. ஒவ்வொன்றிலும் தேங்கிய தண்ணீரை இறைத்துக் கொட்டிவிட்டு, புதிதாக ஊறி வருவதைத்தான் புட்டியில் பிடிக்க வேண்டும். இடுப்பு என்னைக் கேட்காமலேயே ஓய்வு எடுத்துக்கொள்ளப் பார்க்கிறது.

வழக்கம்போல ஒரு கிணற்றில் மட்டும் இரண்டு முறை பிடித்து, இரண்டாம் முறைக்கு 19 என்று எண் போட்டேன். பத்தொன்பதாவது கிணறு என்று உலகத்தில் ஒன்று இல்லை. ஆனால் அது ஆய்வகத்துக்குத் தெரியாது. ஒரே தண்ணீருக்கு இரண்டு விதமாக விடை வந்தால் அங்கே யாரோ தூங்கி வழிகிறார்கள் என்று பிடித்துவிடலாம். எந்தக் கிணற்றுக்கு இந்தக் கள்ளப் பெயர் என்பது எனக்கும் இந்த நோட்டுக்கும் மட்டும்தான் தெரியும். விடை வந்த பிறகு லிங்கத்திடம் சொல்வேன். இந்த முறை 19 என்பது 4.

லிங்கம் புதுப் படிவம் அச்சடித்துக் கொடுத்திருக்கிறான். கட்டங்கள் பெரியவை, கண்ணாடி போடாமலே எழுத வருகிறது. எதை எதைச் சோதிக்க வேண்டும் என்ற பட்டியலில் ஐந்து ரசாயனப் பெயர் இருந்த இடத்தில் மூன்றுதான் இருக்கிறது. கேட்டால் செலவு என்பான். கேட்கவில்லை.

மதியம் தயிர்சாதம். ஊறுகாயை வீட்டிலேயே விட்டுவிட்டேன்.

ஜனவரி 9, வியாழன்

லிங்கம் முடிவறிக்கை எழுத ஆரம்பித்துவிட்டான். இரண்டு வருஷக் கதையைத் தேதியோடு சொல் என்றான். அவனும் நானும் மாசு நீக்கும் இந்த நிறுவனத்தில் ஒரே நாளில் சேர்ந்தவர்கள், பதினொரு வருஷம் ஆகிறது. அவன் திட்ட மேலாளர் ஆனான். நான் களப் பொறுப்பாளர், அதாவது வெயில் என் இலாகா. அவனுக்கு எழுத்து நன்றாக வரும், ஞாபகம் வராது. எனக்கு இரண்டும் வரும், சம்பளம்தான் வராது.

சொல்லச் சொல்ல எனக்கே மலைப்பாக இருந்தது. கம்பெனியில் உலோகப் பாகங்களின் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க ஒரு தொட்டி. அதில் ட்ரைக்ளோரோ எத்திலீன், அங்கே வேலை செய்தவர்கள் வாயில் வெறும் 'ட்ரை'. தொட்டியின் அடி விரிசல் விட்டு எத்தனை வருஷம் ஒழுகியதோ. எண்ணெயாக இருந்தால் தண்ணீர்மேல் மிதக்கும், வழித்து எடுக்கலாம். இந்தச் சனியன் தண்ணீரைவிடக் கனம். மண்ணைத் தாண்டிப் பாறை விரிசலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது, அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வீதிப் பக்கம் கரைந்து போனது.

முதலில் தொட்டிக்கு அடியில் இருந்த மண்ணைத் தோண்டி லாரி லாரியாக அனுப்பினோம். பிறகு மண்ணுக்குள் குழாய் செருகி, ஆவியை உறிஞ்சிக் கரி நிரப்பிய டிரம் வழியாக விட்டோம். தண்ணீரை இறைத்துக் கோபுரத்தின் மேலிருந்து கொட்டி, ட்ரை காற்றோடு பறந்துபோகக் கீழிருந்து காற்றடித்தோம். ஒரு மூலையில் பர்மாங்கனேட் கரைசல் இறக்கினோம். ஒரு வாரத்துக்கு என் நகமெல்லாம் பழுப்பு, கல்யாண வீட்டில் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் வந்தேன். இரும்புத்தூள் இறக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. லேத் பட்டறைகளில் கிடைத்ததெல்லாம் எண்ணெய் பிடித்த தூள், வேண்டாம் என்று விட்டோம். கடைசியாகச் சர்க்கரை ஆலையிலிருந்து மொலாசஸ். அந்தப் பாகைத் தின்று மண்ணுக்குள் இருக்கும் கிருமிகள் பெருகும், ட்ரையில் இருக்கும் மூன்று குளோரினை ஒவ்வொன்றாகக் கழற்றும். மூன்று இரண்டாகும், இரண்டு ஒன்றாகும், ஒன்றும் போனால் தீமையில்லாத வாயு.

அந்தக் கடைசி ஒன்றைக் கழற்றுவதற்கு என்று தனியாக ஒரு கிருமி வேண்டும். எல்லா மண்ணிலும் அது இருக்காது. வளர்த்து சிலிண்டரில் அடைத்து விற்கிறார்கள், வாங்கி இறக்க வேண்டும். திட்டத்தில் நான்காம் கட்டம் என்று போட்டிருந்தது. சிலிண்டர் வரவேயில்லை. போன வருஷம் லிங்கத்திடம் இரண்டு தடவை கேட்டேன். இந்த மண்ணிலேயே இருக்கும், தானாகப் பெருகும் என்றான். ஒரு குளோரினோடு நின்றுவிட்டால் அது வினைல் குளோரைடு. ட்ரையைவிட மோசம், புற்றுநோயைக் கொண்டுவருவது. நிற்காது என்றான். படித்தவன் அவன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பால் பொங்கி அடுப்பையே அணைத்துவிட்டது. அம்மாவுக்குச் சந்தோஷம், துடைத்தது நான்.

ஜனவரி 22, புதன்

பதினெட்டுக் கிணற்றிலும் ட்ரை வரம்புக்குக் கீழே! 4-ம் 19-ம் அச்சு அசலாக ஒரே விடை. லிங்கம் அலுவலகத்துக்கே மைசூர்பாகு வாங்கி வந்தான். பெட்டியை முதலில் என்னிடம்தான் நீட்டினான்.

வீட்டு போர்களைத் திறக்கலாம் என்று வீதியில் நீ போய்ச் சொல் என்றான். அலுவலகக் கடிதம் கொடுத்தால் அதை வடை மடிக்கத்தான் வைத்துக்கொள்வார்களாம்.

"நீ சொன்னாத்தான் கேப்பாங்க, வசந்தா. ரெண்டு வருசமா அவங்க மூஞ்சியப் பாத்து வேண்டாம் வேண்டாம்னு சொன்னவ நீதான்."

உண்மைதான். பெருமையாக இருந்தது. எழுதி வைப்பதில் என்ன வெட்கம், மிகவும் பெருமையாக இருந்தது.

ஜனவரி 23, வியாழன்

முதலில் சரசாத்தாள் அக்கா வீடு. அவர் இட்லி மாவு அரைத்து விற்பவர். வீதி முழுக்க, மெயின் ரோடு மளிகைக் கடைவரை அவர் மாவுதான். இரண்டு வருஷமாகக் கம்பெனி அனுப்பிய டேங்கர் லாரித் தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்து அரைத்தார். வீட்டு போர் வாயில் நான் ஒட்டிய சிவப்புத் தாள் வெளுத்துப் போய் இருந்தது. அதைக்கூட அவர் கிழிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் ராத்திரியில் திருட்டுத்தனமாக மோட்டார் போட்டபோதும் அவர் போடவில்லை.

திறக்கலாம் என்று சொன்னேன். எந்தக் கடிதமும் கேட்கவில்லை.

"நீ சொல்லிப்போட்டீல்ல அம்மிணி, அது போதும்."

மோட்டார் போட்டதும் அரை மணி நேரம் கலங்கலாக வந்தது, பிறகு தெளிந்தது. முதல் டம்ளரை எனக்குக் கொடுத்தார். குடித்தேன். வீதியே பார்த்துக்கொண்டிருந்தது. சில்லென்று நன்றாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 10, திங்கள்

டேங்கர் லாரி நின்றுவிட்டது. சரசாத்தாள் அக்கா இரண்டாவது கிரைண்டர் வாங்கிவிட்டார். எனக்கு ஒரு தூக்குப் போசி நிறைய மாவு. வேண்டாம் என்றால் விடுகிற ஆளா.

முடிவறிக்கைக்குக் கையெழுத்து. லிங்கம் பக்கம் பக்கமாகத் திருப்பினான், காட்டிய இடத்தில் போட்டேன். காபி ஆறுவதற்குள் ஒன்பது இடம். படித்துப் பார்க்கவில்லையா என்றான் சிரித்துக்கொண்டே. அப்பா பெரியாஸ்பத்திரியில் கிடந்தபோது மூன்று நாள் வராந்தாவில் படுத்துக் காவல் இருந்தவன் நீட்டும் காகிதத்தை நான் படித்துப் பார்க்க வேண்டுமா?

பிப்ரவரி 19, புதன்

மொலாசஸ் பீப்பாய்களைக் கழுவித் திருப்பி அனுப்பினோம். எறும்பு.

மார்ச் 11, செவ்வாய்

கடைசிச் சுற்று. இதோடு திட்டத்தை மூடிவிடுவார்கள். கம்பெனி நிலத்தை வாங்க ஆட்கள் வந்து டேப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

19 என்பது 14, சரசாத்தாள் அக்கா வீட்டு போர். எழுதும்போது புதுப் படிவம் தீர்ந்துவிட்டது. ஜீப்பில் பழைய படிவம் ஒன்று கிடந்தது, ஐந்து பெயர் உள்ளது. 19-க்கு மட்டும் அதை நிரப்பி அனுப்பினேன்.

மார்ச் 20, வியாழன்

ஆய்வகத்திலிருந்து எனக்கே போன். பழைய படிவத்தில் மாதிரி பிடித்தவரின் போன் நம்பர் இருக்கும், அதனால். 19-ல் அளவு அதிகமாக இருப்பதால் சொல்லிவிடலாம் என்று கூப்பிட்டார்களாம். ட்ரை இல்லை. வினைல் குளோரைடு, லிட்டருக்கு நாற்பத்தொரு மைக்ரோகிராம். குடிக்கிற தண்ணீரில் ஒன்றிரண்டே அதிகம்.

இரண்டு மாதம். அந்த வீதி இரண்டு மாதமாக அதைக் குடித்துக்கொண்டிருக்கிறது.

சாப்பிடவில்லை.

மார்ச் 21, வெள்ளி

லிங்கத்தின் அறைக் கதவைச் சாத்திவிட்டு, 19 என்பது 14 என்று சொல்லிக் கேட்டேன். ஆய்வகத்தில் தப்பு நடந்திருக்கும் என்பான், திரும்ப எடுத்துப் பார்க்கலாம் என்பான், பதறுவான் என்றெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன். பதறவில்லை. நாற்பத்தொன்றா, அக்டோபரில் ஐம்பதுக்கு மேல் இருந்தது, குறைகிறது பார் என்றான்.

அக்டோபர். அப்போதே அவனுக்குத் தெரியும். அக்டோபர் அறிக்கையில் அந்த இரண்டு பெயரையும் எடுத்துவிட்டு எனக்குக் காட்டியிருக்கிறான். பிறகு படிவத்திலிருந்தே எடுத்துவிட்டான். ஜனவரியில் மைசூர்பாகு வாங்கினான்.

சிலிண்டர் வாங்கி இறக்கினால் இன்னும் ஒன்றரை வருஷம் ஆகும், கம்பெனி அதற்கு ஒத்துக்கொள்ளாது, பாதியில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் போய்விடும், ட்ரையாவது போனதே என்று நினை என்றான். காய்ச்சினால் பறந்துவிடும் என்றான். எங்கே பறக்கும் என்று கேட்டேன், சமையலறைக்குள்தானே?

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதப் போகிறேன் என்றேன். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான்.

"என்னன்னு எழுதுவ? பத்தொம்பதுன்னு ஒரு கெணறே இல்லியே, வசந்தா. பதினாலு சுத்தம்னு பதினாலோட தாளே சொல்லுது."

மூன்று பெயரைத் தேடிப் பார்த்த தாள், அது அப்படித்தான் சொல்லும். 19 எது என்று எழுதியிருப்பது என் நோட்டில் மட்டும். அது அவனுக்கும் தெரியும். பதினொரு வருஷமாக நான் எழுதுவதைக் கேலி செய்து வந்தவன், அந்த நோட்டைக் கொஞ்சம் கொடு, பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று கை நீட்டினான். தரவில்லை.

அதன்பிறகு முடிவறிக்கையைத் திறந்து ஒரு பக்கத்தைக் காட்டினான். 'வீட்டு ஆழ்துளைக் கிணறுகளைப் பயன்பாட்டுக்குத் திறக்கலாம் எனப் பரிந்துரைப்பவர்: களப் பொறுப்பாளர்.' கீழே என் கையெழுத்து. அவன் பெயர் அந்தப் பக்கத்தில் எங்கேயும் இல்லை.

"என்னைய மட்டும் பாக்காத. பட்டியல்ல ரெண்டு பேரு காணோம்னு உனக்கும்தான் தெரியும். நீ கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன்."

பாவி. அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிய கை அது. அந்தக் கையால் என் பெயரை அங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறான். பஸ்ஸில் அழுதேன். பக்கத்து சீட்டு அம்மா பையிலிருந்து கமலா ஆரஞ்சுச் சுளை எடுத்துக் கொடுத்தார்.

மார்ச் 22, சனி

புதுப் படிவம் தீரவில்லை. இரண்டு தாள் மிச்சம் இருந்தது. அன்றைக்கு எழுதியது பொய்.

ஏன் பழையதை எடுத்தேன் என்று இன்று முழுக்க யோசித்தேன். வாய் திறந்து கேட்கத் தைரியம் இல்லாதவள் புட்டியைக் கேட்கவிட்டாள், அவ்வளவுதான். கேட்க வேண்டிய நாள் ஜனவரி 6. கேட்காமல் போய் அந்த வீதியில் டம்ளரைத் தூக்கிக் குடித்துக் காட்டினேன்.

வாரியத்துக்குக் கடிதம் எழுதி முடித்தேன். மார்ச் 11 பக்கத்தை மட்டும் நகல் எடுத்து இணைத்தேன். ஜனவரிப் பக்கத்தை எடுக்கவில்லை. அதற்கும் இந்த 19-க்கும் சம்பந்தம் இல்லை.

மார்ச் 23, ஞாயிறு

காலையில் சரசாத்தாள் அக்கா வீட்டுக்குப் போனேன். இரண்டு கிரைண்டரும் ஓடிக்கொண்டிருந்தன. சத்தத்தில் கேட்கவில்லை, இரண்டாம் தடவை சொன்னேன். எழுந்து ஒவ்வொன்றாக நிறுத்தினார்.

என்ன விஷம், எத்தனை அளவு, எத்தனை நாள், எல்லாம் சொன்னேன். மோட்டாரைப் போடவே வேண்டாம், குளிக்கவும் வேண்டாம் என்றேன். லிங்கம் மறைத்ததைச் சொன்னேன். அழுதுகொண்டேதான் சொன்னேன். அவர் அழவில்லை. அரைத்த மாவை எல்லாம் பின்பக்கக் குழியில் கொண்டுபோய்க் கொட்டினார். அண்டா கனம், பிடிக்கப் போனேன், தோளால் தள்ளிவிட்டார். திரும்பி வந்து ஏதோ கணக்குப் போடுவதைப் போல விரலை மடக்கினார். வீடுகளின் பெயரைச் சொல்கிறார் என்று சற்று நேரம் கழித்துத்தான் புரிந்தது. யார் யார் வீட்டில் குழந்தை இருக்கிறது என்று.

நகலை நீட்டினேன். 19 என்பது உங்கள் போர்தான், இதுதான் ஆதாரம், என்னைத் தவிர வேறு யாராலும் சொல்ல முடியாது என்றேன். கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். தாளைத் திருப்பி வெறும் முதுகையும் பார்த்தார்.

"இந்த ஒரு பக்கத்த மட்டும் எதுக்கு எடுத்தாந்த? மத்ததுல என்ன இருக்குது?"

நாய்களைப் பற்றி, சாப்பாட்டைப் பற்றி என்று சொன்னேன்.

"முழு நோட்டையும் கொண்டா."

இப்போது வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஜனவரி 6 பக்கம் நோட்டின் முதல் தாள். மெல்லக் கிழித்து எடுத்துவிடலாம், யாருக்கும் தெரியாது. இரண்டு தடவை விரலை வைத்துப் பார்த்தேன். அம்மா எட்டிப் பார்த்து என்ன செய்கிறாய் என்றாள். ஒன்றுமில்லை என்றேன். அப்படியே கொடுத்துவிடுகிறேன். லிங்கத்தைப் போல ஒரு பக்கத்தை எடுத்துவிட்டு மீதியை நீட்டினால் எனக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்?

மார்ச் 27, வியாழன்

நோட்டு மூன்று நாள் கழித்து இன்று திரும்பி வந்தது. இதற்கிடையில் எனக்கு வேலை போய்விட்டது, அதைப் பிறகு எழுதுகிறேன். வாரியத்திலிருந்து பதில் வந்தது. வீட்டுக்காரர் முன்னிலையில் புதிதாக மாதிரி எடுத்து வேறொரு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டுமாம். டேங்கர் லாரி நேற்றே திரும்பி வந்துவிட்டது. வீதியில் ஒருவரும் என்னிடம் பேசவில்லை. நாய்கூடக் குரைக்கவில்லை.

சரசாத்தாள் அக்கா நோட்டை முதல் பக்கத்தில் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விரலை வைத்து, எழுத்துக் கூட்டுவதைப் போல மெதுவாகப் படித்தார். 'கேட்டால் செலவு என்பான். கேட்கவில்லை.' இது நீ எழுதியதா என்றார். ஆமாம் என்றேன். லிங்கம் இப்படி ஒரு துரோகம் செய்வான் என்று கனவிலும் நினைக்கவில்லை அக்கா என்றேன். அவனைத்தான் நம்பினேன் என்றேன்.

"லிங்கம் எனக்கு ஆரு? ரோட்டுல பாத்தாக்கூட அடையாளம் தெரியாது. அவனப் பாத்தா நான் மோட்டாரு போட்டேன்?"

நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்காரச் சொல்லவில்லை.

புது ஆய்வகத்தில் வாங்கி வந்த புட்டிகளை எடுத்து வைத்துவிட்டுக் கையுறையை மாட்டப் போனேன்.

"நீ கை வெக்காத. வாயில சொல்லு, நான் புடிக்கறேன்."

சொன்னேன். பழைய தண்ணீர் போகட்டும் என்றேன், போகும்வரை காத்திருந்தார். குழாயை மெல்லத் திறந்து, புட்டியின் விளிம்புக்குமேல் தண்ணீர் குமிழாக நிற்கும்போது மூட வேண்டும் என்றேன். மூடிக் கவிழ்த்துப் பார்த்தால் உள்ளே கடுகளவு காற்றுக்கூட இருக்கக் கூடாது, இருந்தால் விஷம் அந்தக் காற்றுக்குள் ஒளிந்துகொள்ளும் என்றேன். முதல் புட்டியில் காற்று, கொட்டினார். இரண்டாவதிலும் காற்று. என் கை தானாக நீண்டது. அவர் பார்த்த பார்வையில் பின்னால் கட்டிக்கொண்டேன். மூன்றாவது சரியாக வந்தது. அப்படியே நான்கு புட்டி பிடித்து ஐஸ் பெட்டியில் அடுக்கினார்.

படிவத்தை நான்தான் நிரப்பினேன். இடம், கிணறு 14, நேரம் பத்தே கால், ஐந்து பெயருக்கும் டிக். 'மாதிரி எடுத்தவர்' என்ற கட்டம் வந்ததும் கை பழக்கத்தில் என் பெயரின் முதல் எழுத்தைப் போட்டுவிட்டது. அக்கா என் விரலிலிருந்து பேனாவை உருவி, அந்த எழுத்தைக் குறுக்கே அடித்தார். பக்கத்தில் சரசாத்தாள் என்று நிறுத்தி நிறுத்தி எழுதினார். பிறகு ஐஸ் பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பத்தரை பஸ்ஸுக்கு நடந்தார். கூட வரட்டுமா என்று நான் கேட்கவில்லை.